பறந்த காரும் தானாய் நின்ற காரும்

தம்பி,

இந்தக் கடிதத்தைத் தமிழில்தான் எழுதுகிறேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு அழுதழுது போய் நீ படித்த எழுத்து இது. மெல்ல மெல்ல வாசித்தால் விளங்கும். விளங்காத இடத்தில் அம்மாவைக் கேள். போன சனிக்கிழமை வரைக்கும் இதில் இருக்கிற எதுவும் அவவுக்குத் தெரியாது. இப்போது எல்லாம் தெரியும். இங்கிலிஷில் எழுதுவமோ என்று முதலில் யோசித்தேன். ஆனால் இந்த நாட்டில் நான் இங்கிலிஷில் எழுதினதெல்லாம் மற்றவர்களுடைய கார் ஏன் ரோட்டில் ஓடத் தகுதியில்லை என்ற குறிப்புகள்தான். என்னுடைய பழுதை அந்த மொழியில் எழுத எனக்கு வரவில்லை.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகளுக்கு முதல் நீ மவுண்ட் ரோஸ்கிலில் எங்கள் வீட்டுக்கு வந்து, எங்கள் கராஜில் அந்தப் பழைய பச்சைக் காரின் துணியை நீயே இழுத்து எடுத்தாய். பேத்தி மாயா உன்னுடைய எஸ்யூவியின் பின்சீற்றில் பெல்ற் கட்டினபடி இருந்தாள். "அப்பா, மாயாட பேர்த்டேக்கு இவளை இந்தக் காரில பிஹா பீச்சுக்குக் கூட்டிக்கொண்டு போகப்போறன். ஒரு நாள்தான்" என்றாய். நான் ஏலாது என்றேன். ஏன் என்று கேட்டாய். அது பிள்ளைகள் இருக்கிற கார் இல்லை என்றேன். நீ சிரித்துவிட்டாய். "நான் இருந்தனான்தானே, எட்டு வயசில. என்ர லைஃபில பெஸ்ட் டே அது. நீங்கள் தந்த நாள். அதைத்தான் அவளுக்குக் குடுக்கப் பாக்கிறன்." மாட்டேன் என்றால் மாட்டேன் என்று நான் துணியைத் திரும்பவும் இழுத்து மூடினேன். உன் முகம் மாறியது. "உங்களுக்கு என்ர பிள்ளையை விட இந்தக் கார் பெரிசு" என்று சொல்லிவிட்டுப் போனாய். மாயா கண்ணாடியில் இரண்டு கையையும் வைத்து என்னைப் பார்த்துக்கொண்டே போனாள். அன்றிலிருந்து நீ என்னோடு கதைக்கவில்லை. நான் ஏன் மாட்டேன் என்றேன் என்பதைச் சொல்லாமல் இனி உன்னை எடுத்துக் கதைக்கும் உரிமை எனக்கும் இல்லை.

உன் எஸ்யூவியை நான் எத்தனை தரம் நக்கலடித்திருப்பேன். சில்லுப் பூட்டின ஃப்ரிட்ஜ் என்றேன். ஒரு நாள் சாப்பாட்டுக்குப் பிறகு உன்னை வெளியே கூட்டிக்கொண்டு போய், மாயாவை அதன் பொனற்றுக்கு முன்னால் நிற்க வைத்து, உன்னைச் சாரதி சீற்றில் ஏற்றி, "பிள்ளை தெரியுதா?" என்று கேட்டேன். அவளுடைய தலைப் பட்டி கூடத் தெரியவில்லை என்று நீ ஒத்துக்கொண்டாய். பிறகு பச்சைக் காரில் இருத்தினேன். அதில் நம் கண்ணும் பிள்ளையின் கண்ணும் ஒரே உயரத்தில் வரும். நான் வென்றுவிட்டதாக நினைத்தேன். நீ கோபப்படாமல் சொன்னாய்: "அப்பா, அதில காற்றுப் பை இல்லை. தலைக்குப் பின்னால ஒண்டும் இல்லை. கதவு பிஸ்கற் ரின் மாதிரி. இடிச்சால் என்ன நடக்கும் எண்டு உங்களுக்குத் தெரியாதா?" எனக்குத் தெரியும் தம்பி. உன்னை விட நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே உன்னை அதில் இருத்தினவன் நான்.

அந்தக் காரை நான் வாங்கினபோது உனக்கு நாலு வயது. மேற்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரர் செத்துப்போக, அவருடைய மகள் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் கிடந்ததைக் கொண்டுபோகச் சொன்னா. இங்கிலாந்தில் செய்தது, இரண்டு பேர் மட்டும் இருக்கலாம், மேல்கூரை துணி. நாலு வருஷம் ஒவ்வொரு சனியும் ஞாயிறும் அதோடுதான் இருந்தேன். அம்மா முதியோர் இல்லத்தில் இரவு வேலை செய்துவிட்டுப் பகலில் நித்திரை கொள்ளுவா. நீ கராஜில் ஒரு மரப்பெட்டியில் இருந்து எனக்கு ஸ்பனர் எடுத்துத் தருவாய். பெற்றோல் இல்லாத காலத்தில் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டின கை இது என்று எனக்குள்ளே ஒரு மிதப்பு இருந்தது. எதையும் ஓட வைக்கலாம், எதையும் இன்னும் கொஞ்ச நாள் இழுக்கலாம் என்ற மிதப்பு. அதுதான் என்னுடைய முதல் பழுது. எழுதி வைத்துக்கொள்.

அப்போது நான் கராஜ் ஒன்றில் வொரன்ட் கொடுக்கிற வேலையில் இருந்தேன். காரைச் சோதித்து, ரோட்டில் ஓடலாம் என்று கையெழுத்து வைக்கிற வேலை. ரயர் கொஞ்சம் தேய்ந்திருந்தாலும் ஃபெயில் பண்ணுவேன். கைக்குழந்தையோடு வந்த ஒரு சமோவன் பெண்ணை, பிரேக் குழாயில் ஒரு சின்ன வெடிப்புக்காக நடந்து போக விட்டிருக்கிறேன். சட்டம் சட்டம்தான் என்று எனக்குப் பெருமை. உனக்கு எட்டு வயதான அந்தக் கோடையில் பச்சைக் காரை அதே மேடையில் ஏற்றிச் சோதித்தேன். முன்சில்லுக்குப் போகிற பிரேக்கின் ரப்பர் குழாய் வெடிப்புக் கண்டிருந்தது. மிதிக்கும்போது பெடல் வழமையை விடக் கொஞ்சம் கீழே போனது. புதுக் குழாய் இங்கிலாந்தில் இருந்து வரவேண்டும், ஓடர் போட்டாயிற்று, வர இரண்டு கிழமை. அந்தக் காலத்துக் காரில் நாலு சில்லுக்கும் பிரேக் எண்ணெய் ஒரே வழியில்தான் போகும். ஓர் இடத்தில் வெடித்தால் நாலும் போய்விடும். உன் எஸ்யூவியில் அதை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள், ஒன்று போனால் மற்றது பிடிக்கும். இதெல்லாம் எனக்குப் பாடம். ஆனாலும் பேனையை எடுத்துக் கையெழுத்து வைத்தேன். காரும் என்னுடையது, கையெழுத்தும் என்னுடையது. கேட்க ஆளில்லை. அடுத்த ஞாயிறு வெயில் நல்லாக இருக்கும் என்று றேடியோவில் சொன்னார்கள், அவ்வளவுதான் காரணம்.

அந்த ஞாயிறு உனக்கு ஞாபகம் இருக்கிற மாதிரித்தான் தொடங்கியது. நீ நீலத் தொப்பி போட்டிருந்தாய். இடுப்பில் மட்டும் கட்டுகிற பெல்ற். உன் இடுப்புக்கு அது பெரிது, மடித்து ஒரு ஊசி குத்தினேன். மலையில் ஏறும்போது கார் பாடிக்கொண்டு போனது. மேலே நிறுத்திச் சாண்ட்விச் சாப்பிட்டோம். பிறகு கடலை நோக்கி இறக்கம். இரண்டாவது வளைவில் மிதித்தேன், பெடல் பிடித்தது. மூன்றாவது வளைவில் மிதித்தேன், பெடல் அடித்தட்டுவரைக்கும் போய் அங்கேயே கிடந்தது. திரும்பவும் மிதித்தேன். காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. சுடச்சுட எண்ணெய் மணம் வந்தது. ஒரு பக்கம் மலைச்சுவர். மற்றப் பக்கம் மரங்களின் தலை மட்டும் தெரிகிறது.

இந்த இடத்தை நான் முப்பது வருஷமாக ஒருவருக்கும் சொல்லவில்லை. நான் ஏதோ சத்தம் போட்டிருக்க வேண்டும், நீ திரும்பி என் முகத்தைப் பார்த்தாய். உன் வாய் கோணத் தொடங்கியது. நீ பயந்து பெல்ற்றைக் கழற்றி என்மேல் பாய்ந்தால் இரண்டு பேரும் முடிந்தோம் என்று எனக்குத் தெரிந்தது. நான் சிரித்தேன். பெரிதாக, தொண்டை கிழியச் சிரித்தேன். "தம்பி, பறக்கிறம்டா, இறுக்கிப் பிடி" என்று கத்தினேன். உன் முகம் அப்படியே மலர்ந்தது. நீயும் கத்தினாய். நான் நாலாம் கியரில் இருந்து மூன்றுக்கு இழுத்தேன், எஞ்சின் அலறியது, உனக்கு அது பாட்டாகக் கேட்டது. கை பிரேக்கை இழுத்து இழுத்து விட்டேன், பின்பக்கம் வழுக்கி ஆடியது, நீ "அகெய்ன், அப்பா, அகெய்ன்" என்றாய். இரண்டாம் கியருக்குப் போனபோது பற்கள் அரைபட்ட சத்தத்துக்கு நீ கைதட்டினாய். ஒரு வளைவில் எதிரே வான் ஒன்று வந்தது. அதை ஓட்டின வெள்ளைக்காரனின் வாய் திறந்திருந்ததை இன்றைக்கும் காண்கிறேன். எங்களுக்கு இடையில் ஒரு சாண் இருந்திருக்கும். நீ அவனுக்குக் கை காட்டினாய்.

கீழே, கடலுக்குப் பக்கத்துப் புல் நிலத்தில் ஏறித்தான் கார் நின்றது. உன்னைப் போய் மணலில் விளையாடு என்றேன். நீ ஓடினாய். ஸ்ரியரிங்கில் இருந்து என் விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டியிருந்தது. அங்கே இருந்த கடையின் ஃபோனில் ட்ரக் வைத்திருந்த ஒரு சிநேகிதனைக் கூப்பிட்டேன். கார் களைத்துப்போய்விட்டது, ட்ரக்கில் படுத்துக்கொண்டு வரும் என்று உனக்குச் சொன்னேன். ட்ரக்கின் முன்சீற்றில் எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்து வந்ததும் உனக்குக் கொண்டாட்டம். வீட்டில் அம்மா பிட்டு அவித்து வைத்திருந்தா. பற்றரி போய்விட்டது என்றேன். நீ மேசையைச் சுற்றி ஓடி ஓடிப் பறந்து காட்டினாய். அம்மா சிரித்தா. நானும் சிரித்தேன். அந்த நேரம் வாயைத் திறந்திருந்தால் அவ்வளவோடு போயிருக்கும்.

மலையில் நான் சொன்ன பொய்க்கு நான் வருந்தவில்லை. அது உன்னைச் சீற்றில் இருத்தி வைத்தது. பிட்டுக்கு முன்னால் சொன்ன பொய்தான் பிழை. ஆபத்து முடிந்த பிறகும் அந்தச் சிரிப்பை நான் கழற்றவில்லை. நீ பள்ளிக்கூடத்தில் அதைக் கட்டுரையாக எழுதினாய். சொந்தக்காரர் வரும்போதெல்லாம் சொன்னாய். ஒவ்வொரு தரமும் கார் இன்னும் வேகமாகப் போனது, நான் இன்னும் பெரிய வீரனாக ஆனேன். ஒரு மகன் தகப்பனை அப்படிப் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

உனக்குப் பத்தொன்பது வயது. அம்மாவின் சின்னக் காரை எடுத்துக்கொண்டு டானியலோடு போனாய். பள்ளிக்கூடத்து முதல் நாளில் இருந்து உன்னோடு திரிந்த பொடியன், எங்கள் வீட்டில் உறைக்க உறைக்கச் சாப்பிடப் பழகினவன். அதே மலை, அதே இறக்கம். மூன்றாவது வளைவில் கார் சுவரில் மோதி அவனுடைய பக்கம் நசிந்தது. முழங்கால் நொறுங்கிப்போனது. அந்த வருஷம்தான் அவனை றக்பி அணிக்குத் தெரிந்தெடுத்திருந்தார்கள். ஆஸ்பத்திரி நடைபாதையில் உன் நெற்றியில் பிளாஸ்ரர். டானியலின் தாய் கதிரையில் இருந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தா. நான் வந்ததும் கேட்டேன், "எங்கையடா இப்பிடி ஓடப் பழகினனீ?" நீ தலையை நிமிர்த்தினாய். "உங்களிட்டைத்தான், அப்பா. அவனுக்கு அதைக் காட்டத்தான் போனனான்." நான் உன்னை அறைந்தேன். அந்தத் தாய்க்கு முன்னால், நேர்ஸ்மாருக்கு முன்னால். நீ கையை ஓங்கவும் இல்லை, அழவும் இல்லை. கன்னத்தைப் பொத்திக்கொண்டு இங்கிலிஷில் சொறி, சொறி என்று இரண்டு முறை சொன்னாய்.

சொறி சொல்ல வேண்டியவன் நான். நீ எதைப் பார்த்துப் போனாயோ அது ஒரு பிரேக் அறுந்த கார். உயிருக்குப் பயந்த ஒரு மனிதன் போட்ட வேஷம். அந்த நடைபாதையில் அதைச் சொல்லியிருந்தால் டானியலின் கால் திரும்பி வந்திராது. ஆனால் நீ அதற்குப் பிறகு சுமந்ததில் பாதியை நான் சுமந்திருப்பேன். அதை விட்டுவிட்டு, அம்மாவிடமும் மாமாவிடமும் "இந்த நாட்டுப் பிள்ளையள், பயம் தெரியாமல் வளருதுகள்" என்று கதைத்தேன். நீ ஒரு வருஷம் ஸ்ரியரிங்கைத் தொடவில்லை. பிறகும் நீ ஏவன்டேல் பக்கம் காரைத் திருப்பாமல் சுற்றிப் போவதை நான் கவனித்திருக்கிறேன்; டானியல் அங்கேதான் இருக்கிறான் என்று எனக்கும் தெரியும். மாயா பிறக்க முதல் நீ மாதக்கணக்காக எந்தக் கார் எப்படி இடிபட்டால் உள்ளே இருப்பவருக்கு என்ன நடக்கும் என்று தேடித் தேடிப் பார்த்து அந்த எஸ்யூவியை வாங்கினாய். அதைத்தான் நான் ஃப்ரிட்ஜ் என்றேன். அவ்வளவு பயத்தையும் மீறி உன் பிள்ளைக்கு அந்த ஒரு நாளை மட்டும் கொடுக்க வேண்டும் என்று கராஜில் நின்று கேட்டாயே, அது எவ்வளவு பெரிய நாளாக உனக்குள் இருந்திருக்க வேண்டும் என்று நீ போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

அப்படியும் நான் எழுதத் தொடங்கவில்லை. போன புதன்கிழமை நடந்ததுதான் என்னை இந்தக் கதிரையில் இருத்தியது. நீ கோபமாக இருந்தாலும் புதன் பின்னேரம் நான் மாயாவைப் பள்ளிக்கூடத்தில் இருந்து கூட்டிவருவது நின்றுபோகவில்லை. பாட்டனி டவுன்ஸில் உன் வீட்டில் என் காரை விட்டுவிட்டு, பிள்ளைச் சீற் பூட்டின உன் எஸ்யூவியை எடுத்துக்கொண்டு போனேன். திரும்பி வரும்போது மாயா பின்னால் இருந்து வகுப்பில் ஒரு முயல் தொலைந்த கதையைச் சொன்னாள். கண்ணாடியில் அவளைப் பார்த்து "பிறகு?" என்றேன். திடீரென்று கார் ஓர் அலறல் போட்டுத் தானாய் நின்றது. பெல்ற் என் நெஞ்சை இறுக்கியது. முன்னால் ஒரு கார் சிவப்பு விளக்கில் நின்றுகொண்டிருந்தது. என் கால் பிரேக்குக்குப் போகவே இல்லை, தம்பி. கண்ணாடியைப் பார்த்த பிழை மட்டும் இல்லை. திரும்பி முன்னால் பார்த்த பிறகும் வெயிலில் அந்தக் கார் எனக்கு ஒரு வெள்ளைப் புகை மாதிரித்தான் தெரிந்தது. சில மாதமாகவே அப்படித்தான். உன் எஸ்யூவி அடிக்கடி பீப் பீப் என்று எச்சரித்ததை, தொந்தரவாக இருக்கிறது, சத்தத்தைக் குறைத்துவிடு என்று உன்னிடமே கேட்டவன் நான்.

"அப்பப்பா, கார் தானா நிண்டது" என்றாள் மாயா. அவளுக்குப் பயம் வரவில்லை, அதிசயமாகத்தான் இருந்தது. "காருக்குக் கண் இருக்கா?" நான் ஓம் என்று சிரித்தேன். அதே சிரிப்பு. பிறகு சொன்னேன், "செல்லம், இதை அப்பாட்டச் சொல்லாதை, என்ன? எங்கட ரெண்டு பேற்ற சீக்ரெற்." அவள் தலையாட்டினாள். வீட்டு வாசலில் அவளை இறக்கினேன். ஆறு வயதுப் பிள்ளையிடம் நான் என்ன கேட்டேன் என்று அப்போதுதான் விளங்கியது. உன்னை ஏமாற்றினதோடு நிற்காமல், உன்னை ஏமாற்ற உன் பிள்ளையையே பழக்குகிறேன்.

வியாழக்கிழமை கண் பார்க்கிற கடைக்குப் போனேன். இரண்டு கண்ணிலும் புரை, இடது கண்ணில் அதிகம், ஒப்பரேஷன் முடியும் வரைக்கும் கார் ஓடக் கூடாது என்று அந்தப் பெண் சொன்னா. என் கார்த் திறப்பை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். வெள்ளிக்கிழமை மருமகளிடம் இருந்து மெசேஜ் வந்தது: இனிப் புதன்கிழமைகளில் மாயாவுக்குப் பள்ளிக்கூடம் முடிந்து நீச்சல் வகுப்பாம், நான் கஷ்டப்பட்டு வரத் தேவையில்லையாம். நல்லதாய்ப் போயிற்று, நானாகச் சொல்ல வேண்டிய பாதி குறைந்தது என்று, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாக இருந்தது.

சனிக்கிழமை அம்மாவுக்குச் சொன்னேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்: குழாய், கையெழுத்து, மலை, புதன்கிழமை. அவ கத்துவா என்று நினைத்தேன். "அண்டைக்கு மலையில, எத்தினை மணிக்கு?" என்று கேட்டா. பன்னிரண்டு, பன்னிரண்டரை இருக்கும் என்றேன். "அந்த நேரம் நான் நித்திரை" என்றா. "எழும்பிப் பிட்டுக்கு மா குழைச்சனான். பிள்ளைக்குப் பிடிக்கும் எண்டு தேங்காய்ப்பூ கூடப் போட்டனான்." பிறகு எழும்பிக் கராஜுக்குப் போனா. இத்தனை வருஷத்தில் அந்தக் காரில் ஒருநாளும் ஏறாதவ, கதவைத் திறந்து நீ இருந்த சீற்றில் இருந்தா. அந்த இடுப்புப் பெல்ற்றைக் கையில் எடுத்துப் பார்த்தா. நான் வாசலில் நின்றேன். உள்ளே வரச் சொல்லவில்லை. கன நேரத்துக்குப் பிறகு வெளியே வந்து, "அவனுக்கு எழுதி முடியுங்கோ. அதுக்குப் பிறகு என்னோட கதைக்கலாம்" என்றா. இந்தக் கடிதம் உன்னிடம் வரும்வரை எங்கள் வீட்டில் அவ்வளவுதான் கதை.

ஞாயிறு காலை பஸ்ஸில் ஏவன்டேல் சந்தைக்குப் போனேன். டானியல் அங்கே தக்காளி, மிளகாய் நாற்று விற்கிறான். கால் இன்னும் முழுதாக மடியாது; குனிய வேண்டியதை எல்லாம் ஒரு ஸ்ரூலில் இருந்துகொண்டு செய்கிறான். என்னைக் கண்டதும் "அங்கிள்" என்றான், எழும்பப் பார்த்தான். இருக்கச் சொன்னேன். ஆட்கள் நாற்றுப் பார்த்துக்கொண்டு நிற்க நிற்க, உடைந்த இங்கிலிஷில் அவனுக்குச் சொன்னேன். அவன் ஒரு தட்டில் இருந்த மண்ணை விரலால் தட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தான். முடிவில் ஒன்றே ஒன்று கேட்டான்: "அவனுக்குத் தெரியுமா?" இன்னும் இல்லை என்றேன். "அப்ப முதலில அவனிட்டை எல்லோ போயிருக்க வேணும், அங்கிள்" என்றான். அவன் சொன்னது இங்கிலிஷில். என் காதில் விழுந்தது இப்படித்தான். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் நான் தோளைத் தொடக் கை நீட்டினபோது, வாங்க வந்த ஒருவரிடம் திரும்பிவிட்டான். அது அவனுடைய உரிமை. நீ அவனைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அவன் கேட்டது உன்னைப் பற்றி மட்டும்தான் என்பதைச் சொல்லிவைக்கிறேன்.

பச்சைக் கார் உனக்குத்தான். மலையில் அது நடந்த மாதமே பிரேக் முழுவதையும் புதிதாக்கினேன், பிறகும் காலத்துக்குக் காலம் மாற்றி வந்திருக்கிறேன். இன்று எந்த ஆள் சோதித்தாலும் குறை சொல்ல மாட்டான். ஆனாலும் வேறு ஒருவரைக் கொண்டு சோதிப்பி. விருப்பம் என்றால் தனியாக ஓடு. மாயாவை ஏற்றாதே. அவள் வளர்ந்து தானே கேட்டால் இந்தக் கதையை முழுவதும் சொல்லிவிட்டு, பிறகு அவளையே முடிவெடுக்க விடு. பழைய கார் கூடாது, புதுக் கார் நல்லது என்று நான் எழுதுவதாக நினைக்காதே. அந்தக் கார் மலைக்குப் போக முதலே பெடலால் எனக்குச் சொன்னது. இந்தக் கார் சத்தம் போட்டுச் சொன்னது. இரண்டையும் வாயை மூடு என்றவன் நான்.

இந்த இடத்தில்தான் கடிதத்தை முடிக்க நினைத்திருந்தேன். ஆனால் இன்று, திங்கள் பின்னேரம், மாயாவுக்கு ஃபோன் எடுத்தேன். "செல்லம், அண்டைக்கு அப்பப்பா ஒரு சீக்ரெற் சொன்னனான் எல்லோ? அது பிழை. நீ அப்பாட்டச் சொல்லலாம்" என்றேன். அவள் மெதுவாக, "நான் அண்டைக்கே சொல்லிட்டன், அப்பப்பா. சொறி" என்றாள். அப்பா என்ன சொன்னார் என்று கேட்டேன். "அப்பா வெளியில போய்க் காருக்குள்ள இருந்தவர். கன நேரம். பிறகு வந்து, அப்பப்பாட்ட ஒண்டும் கேக்காதை, அவருக்குக் கவலையாயிருக்கும் எண்டவர்."

நீச்சல் வகுப்பு இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள்.

ஆக, புதன்கிழமையே உனக்குத் தெரியும். உன் பிள்ளையை நான் கொன்றிருப்பேன் என்று தெரிந்தும், என் மனம் நோகக் கூடாது என்று ஒரு நீச்சல் வகுப்பை உண்டாக்கி, மருமகளைக் கொண்டு சொல்லுவித்து, என்னிடம் இருந்து உன் காரின் திறப்பை நோகாமல் எடுத்துவிட்டாய். கோபத்தில் இருக்கும்போதும் எனக்காக ஒரு சிரிப்பைப் போட்டிருக்கிறாய். அது யாரிடம் பழகினது என்று நீ சொல்லத் தேவையில்லை, மகனே. அது என்னிடம் இருந்துதான் என்று இவ்வளவு பக்கமும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

என்னிடம் அப்படி நடக்காதே. மாயாவிடமும் நடக்காதே. இந்தக் கடிதத்தை நாளைக் காலை பஸ்ஸில் வந்து உன் தபால்பெட்டியில் போடுவேன்; நாளை மறுநாள் புதன்கிழமை. நான் பஸ்ஸில் வந்து பள்ளிக்கூட வாசலில் மூன்று மணிக்கு நிற்பேன். நீயும் வேலையில் சொல்லிவிட்டு வா. வந்து, "அப்பா, நீங்கள் இனிக் கார் ஓடக் கூடாது" என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்லு. மனதில் இருக்கிற மற்றதையும் சொல்லு, உரத்துச் சொல்லவேண்டி வந்தாலும் சொல்லு. மாயா கேட்டுக்கொண்டு நிற்கட்டும். நான் சிரிக்க மாட்டேன்.

அப்பா